செட்டிநாட்டுப் பழம்பொருட்கள்

செட்டிநாட்டுப் பழம்பொருட்கள் என்பன, தமிழ்நாட்டின் சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் பரந்துள்ள செட்டிநாட்டுப் பகுதியின் பழைய வீடுகள் இடிக்கப்படும்போதும், அவ்வீடுகளின் உடைமைகள் பங்கு பிரிக்கப்படும்போதும் வெளிவரும் மரவேலைப்பாடுகள், பாத்திரங்கள், படங்கள், கண்ணாடிகள், அறைகலன்கள் முதலியவற்றைக் குறிக்கும். இவற்றின் முதன்மையான சந்தை காரைக்குடி ஆகும். இப்பொருட்களுள் சில தம் பழைய பயன்பாட்டிலேயே வேறு வீடுகளில் நிலைபெறுகின்றன. வேறு பல, கதவு மேசையாகவும், தூண் விளக்குத் தண்டாகவும், சன்னல் கண்ணாடிச் சட்டமாகவும் மாற்றப்பட்டு, வீட்டு அலங்காரப் பொருட்களாகவும் கலைப்பொருட்களாகவும் பயன்படுகின்றன.

விறகாகவோ உலோகக் கழிவாகவோ அழிந்திருக்கக்கூடிய பெருந்தொகையான வேலைப்பாடுகளை இவ்வணிகம் காப்பாற்றியுள்ளது. அதேவேளை, பகுதிகளுக்குக் கிடைக்கும் நல்ல விலை, முழு வீடுகள் பிரிக்கப்படுவதற்கான காரணங்களுள் ஒன்றாகவும் உள்ளது. இதனால் மரபுரிமைப் பாதுகாப்புப் பற்றிய விவாதங்களில் இது இருவகையாகவும் மதிப்பிடப்படுகிறது.

பின்னணி

வீடுகளும் அவற்றின் பொருட்களும்

செட்டிநாடு எழுபதுக்கும் மேற்பட்ட ஊர்களைக் கொண்டது. இங்கு வாழும் நாட்டுக்கோட்டை நகரத்தார் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் பர்மா, இலங்கை, மலாயா, இந்தோசீனா ஆகிய நாடுகளில் கொடுக்கல் வாங்கல் தொழிலிலும் பிற வணிகங்களிலும் ஈடுபட்டுப் பெரும் பொருள் ஈட்டினர். அச்செல்வத்தின் ஒரு பகுதி சொந்த ஊர்களில் பெரிய வீடுகளாக உருப்பெற்றது. இவ்வகை வீடுகளுட் பெரும்பாலானவை ஏறத்தாழ 1850 முதல் 1940கள் வரையான காலத்தைச் சேர்ந்தவை.

இவ்வீடுகள் பொதுவாக முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என ஒன்றன்பின் ஒன்றாக அமைந்தவை. பெரிய வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். வளவு என்பது நடுவில் திறந்த முற்றமும், அதனைச் சுற்றித் தூண்கள் தாங்கும் தாழ்வாரமும், அதையொட்டிய அறைகளும் கொண்ட பகுதியாகும். திருமணமான ஒவ்வொரு மகனின் குடும்பத்துக்கும் இங்கு ஓர் அறை ஒதுக்கப்பட்டது.

கட்டுமானப் பொருட்கள் பல நாடுகளிலிருந்து வந்தன. தூண், உத்திரம், நிலை, கதவு ஆகியவற்றுக்குப் பர்மியத் தேக்கு பயன்பட்டது. இத்தாலியச் சலவைக்கல், பெல்ஜியக் கண்ணாடி, ஜப்பானிய மெருகோடுகள், ஐரோப்பிய இரும்பு உத்திரங்கள் ஆகியவை கப்பல்வழி வந்தன. தரைக்கான பூ வேலைப்பாட்டு ஓடுகள் அருகிலுள்ள ஆத்தங்குடியில் கையால் செய்யப்பட்டன. சுவர்கள் சுண்ணாம்பு, மணல், கடுக்காய், வெல்லம், முட்டை வெண்கரு ஆகியவை சேர்ந்த சாந்தால் பளிங்குபோல் மெருகிடப்பட்டன.

வீட்டினுள் சேர்ந்த பாத்திரங்களின் தொகையும் பெரியது. நகரத்தார் திருமணங்களில் பெண்ணுக்குக் கொடுக்கப்படும் சீர்வரிசையில் பித்தளை, வெண்கலம், செம்பு, மரம், எனாமல் ஆகியவற்றாலான கலங்கள் பெரிய எண்ணிக்கையில் இடம்பெறும். இவற்றுட் பல ஒருமுறைகூட அடுப்பேறாமல் அறைகளில் அடுக்கி வைக்கப்பட்டன. தலைமுறைதோறும் இவ்வாறு சேர்ந்த பொருட்களே பிற்காலச் சந்தைக்கு மூலமாயின.

வீழ்ச்சி

1930களின் பொருளாதாரப் பெருமந்தத்தில் நெல் விலை வீழ்ந்தபோது, பர்மிய உழவர்கள் கடனைத் திருப்ப இயலாமல் அடைமானம் வைத்த நிலங்களை இழந்தனர். பர்மாவின் 13 முதன்மை நெல் மாவட்டங்களில் நகரத்தார் வசம் இருந்த நிலம் 1930இல் ஏறத்தாழ 6 விழுக்காடாக இருந்தது. 1938இல் இது ஏறத்தாழ 25 விழுக்காடாக உயர்ந்தது. பணமாகச் சுழன்றுகொண்டிருந்த முதல் இவ்வாறு நிலத்தில் முடங்கியது. 1942இல் ஜப்பானியப் படையெடுப்பின்போது பலர் பர்மாவை விட்டு வெளியேறினர். 1948இல் அந்நாடு விடுதலை பெற்றபின் நிலம் நாட்டுடைமையாக்கச் சட்டம் இயற்றப்பட்டது. 1962இல் படைத்துறை ஆட்சி ஏற்பட்டதைத் தொடர்ந்து வங்கிகளும் வணிக நிறுவனங்களும் நாட்டுடைமையாக்கப்பட்டன.

வருவாய் நின்றபின் வீடுகளைப் பேணுவது கடினமாயிற்று. குடும்பங்கள் சென்னை, மதுரை, கோயம்புத்தூர் முதலிய நகரங்களுக்கும் வெளிநாடுகளுக்கும் இடம்பெயர்ந்தன. திருமணம், படைப்பு, ஊர்க் கோயில் விழா ஆகியவற்றுக்கு மட்டும் திறக்கப்படும் வீடுகள் பல உருவாயின.

கூட்டுரிமை

ஒரு வீடு பெரும்பாலும் பல பங்காளிகளுக்குப் பொதுவானது. மூன்று நான்கு தலைமுறைகளில் உரிமையாளர் எண்ணிக்கை பல மடங்காகப் பெருகிவிடுகிறது. கூரை ஓடுகளை மாற்றுவதற்குக்கூட அனைவரும் பணம் பங்கிட வேண்டும். முழு வீட்டை விற்பதற்கு அனைவரது ஒப்புதலும் வேண்டும். வீட்டைச் சுவர் எழுப்பிப் பிரித்துக்கொள்வது எளிதன்று. ஆனால் கதவு, தூண், பாத்திரம் ஆகியவற்றை எண்ணிப் பங்கிட்டுக்கொள்ளலாம், அல்லது விற்றுப் பணமாகப் பிரித்துக்கொள்ளலாம். வறுமை மட்டுமன்றி, இந்தப் பங்கீட்டு வசதியும் வீடுகள் பிரிக்கப்படுவதற்கு முக்கிய காரணமாகும்.

வீடு பிரித்தல்

செட்டிநாட்டு வீடு இடிக்கப்படுவது பெரும்பாலும் பிரிக்கப்படுவதாகவே அமையும். கட்டடத்தை மதிப்பிட்டு மொத்தமாக வாங்கும் ஒப்பந்தக்காரர், கிடைக்கக்கூடிய தேக்கின் அளவையே முதன்மையாகக் கணக்கிடுவார். வேலை மேலிருந்து கீழாக நடைபெறும். முதலில் அடுக்கடுக்காகப் பரப்பப்பட்ட நாட்டு ஓடுகள் இறக்கப்படும். அடுத்துக் கைமரங்கள், விட்டங்கள், உத்திரங்கள் ஆகியவை எடுக்கப்படும். அதன்பின் தூண்களும் அவற்றின்மேல் அமர்ந்த போதிகைகளும் இறக்கப்படும். சுவரில் பதிந்துள்ள நிலைகளும் சன்னல்களும் சுவரோடு சேர்த்து விடுவிக்கப்படும்.

பழைய தச்சர்கள் இரும்பாணியைக் குறைவாகவே பயன்படுத்தினர். ஒரு மரத்தின் கழுந்தை மற்றொன்றின் துளையில் செருகி, குறுக்கே மர ஆணி அடித்து இணைப்பது வழக்கம். மர ஆணியைத் தட்டி வெளியேற்றினால் பலகைகள் உடையாமல் பிரியும். இதனாலேயே நூறாண்டு பழமையான நிலையையும் கதவையும் சேதமின்றி எடுத்து வேறிடத்தில் பொருத்த முடிகிறது. மீண்டும் பொருத்துவதற்காகப் பிரிக்கும்போது ஒவ்வொரு பகுதிக்கும் எண் இட்டு வரைபடத்தில் குறிப்பது முறையாகும். எண்ணிடாமல் பிரிக்கப்பட்ட வேலைப்பாடுகள் முழுமையாக மீளச் சேர்வது அரிது. அவை துண்டுப் பொருட்களாகவே விற்பனையாகின்றன.

எல்லாவற்றையும் மீட்க இயலாது. சுண்ணாம்புச் சாந்துப் பூச்சும், முகப்பிலுள்ள சுதை உருவங்களும் சுவரோடு அழிகின்றன. சிமென்டில் பதித்த ஆத்தங்குடி ஓடுகள் பெயர்க்கும்போது பெரும்பாலும் உடைந்துவிடுகின்றன. முற்றத்தில் விழும் மழைநீரைத் திரட்டும் அமைப்பு, வெப்பத்தைத் தணிக்கும் காற்றோட்டம், அறைகளின் வரிசைமுறை ஆகியவற்றை விற்கவோ எடுத்துச் செல்லவோ முடியாது.

காரைக்குடிச் சந்தை

காரைக்குடியில் முனீசுவரன் கோயில் தெருவும் அதன் சுற்றுப்புறமும் பழம்பொருள் கடைகளுக்குப் பெயர்பெற்றவை. சிறிய கடைகளில் பாத்திரங்கள், பூட்டுகள், பொம்மைகள், படங்கள், அஞ்சறைப் பெட்டிகள் முதலியவை குவிந்திருக்கும். கதவு, தூண், உத்திரம் போன்ற பெரிய பொருட்கள் கிடங்குகளில் சேமிக்கப்படுகின்றன. இங்கிருந்து பொருட்கள் சென்னை, புதுச்சேரி, பெங்களூரு ஆகிய நகரங்களுக்கும், கொச்சி மட்டாஞ்சேரியின் பழம்பொருள் கடைகளுக்கும் செல்கின்றன. விடுதிகள், உணவகங்கள், துணிக்கடைகள், புதிய வீடுகள் ஆகியவற்றின் உள்ளலங்கார வடிவமைப்பாளர்கள் இவற்றின் முக்கியமான வாங்குநர்கள் ஆவர்.

பர்மியத் தேக்கு இவ்வணிகத்தின் அச்சாணி எனலாம். தேக்கில் இயற்கையாகவே உள்ள எண்ணெய்ப் பொருள் கரையானையும் ஈரத்தையும் எதிர்க்கிறது. இயற்கைக் காடுகளில் மெதுவாக வளர்ந்த முதிர்ந்த மரங்களில் ஆண்டு வளையங்கள் நெருக்கமாக இருக்கும். இத்தகைய மரம் இப்பொழுது எளிதிற் கிடைப்பதில்லை. மியன்மர் அரசு 2014 ஏப்ரல் 1 முதல் அறுக்கப்படாத மரங்களின் ஏற்றுமதியைத் தடை செய்தது. எனவே பழைய வீட்டின் ஓர் உத்திரம், வேலைப்பாடு ஏதுமின்றியும் மரத்துக்காகவே மதிப்புப் பெறுகிறது.

பொருட்களும் மறுபயன்பாடும்

கதவுகளும் நிலைகளும்

முகப்பு நிலை செட்டிநாட்டு மரவேலையின் உச்சமாகக் கருதப்படுகிறது. இதன் மேற்பலகையில் கசலட்சுமி, யாழி, கொடிக்கருக்கு, கிளி முதலிய உருவங்கள் அடுக்கடுக்காகச் செதுக்கப்பட்டிருக்கும். முழு நிலைகள் புதிய வீடுகளின் தலைவாயிலாகவோ பூசையறை வாயிலாகவோ பொருத்தப்படுகின்றன. நிலையிழந்த தனிக் கதவுகள் கண்ணாடி மேற்பரப்புக் கொண்ட மேசைகளாகவும், கட்டிலின் தலைப்பலகையாகவும் மாற்றப்படுகின்றன. மேசையாக்கும்போது கதவை அறுக்காமல், தனிக் கால்களின்மேல் கிடத்தினால் பின்னாளில் அது மீண்டும் கதவாக முடியும். மேற்பலகைகளைத் தனியே கழற்றிச் சுவரில் மாட்டும் வழக்கமும் பரவலாக உள்ளது.

தூண்களும் போதிகைகளும்

முழுத் தூண்கள் திண்ணைகளிலும் விடுதிகளின் தாழ்வாரங்களிலும் மீண்டும் நிறுத்தப்படுகின்றன. அடிப்பகுதி உளுத்த தூண்கள் வெட்டப்பட்டு விளக்குத் தண்டுகளாகின்றன. உத்திரத்தைத் தாங்கிய போதிகைகள், அதே வேலையைச் சிறிய அளவில் செய்யும் சுவர்ப் பலகைத் தாங்கிகளாகப் பயன்படுகின்றன.

சன்னல்களும் கண்ணாடிகளும்

இரும்புக் கம்பியிட்ட சிறு சன்னல்கள், வண்ணக் கண்ணாடி பதித்த மேற்சன்னல்கள் ஆகியவை முகம்பார்க்கும் கண்ணாடிகளுக்கும் ஒளிப்படங்களுக்கும் சட்டங்களாகின்றன. பழைய பெல்ஜியக் கண்ணாடிகளின் பின்புற இரசப்பூச்சு ஈரத்தால் கரும்புள்ளிகளாக உதிர்ந்திருக்கும். அதனை மறுபூச்சுச் செய்யாமல் அப்படியே மாட்டுவோரும் உளர்.

பெட்டிகளும் மேசைகளும்

தரையில் அமர்ந்து பேரேடு எழுதுவதற்கான சரிந்த மேற்பலகை கொண்ட கணக்குப்பிள்ளை மேசை, இரும்புப் பட்டையிட்ட பணப்பெட்டி, அஞ்சறைப் பெட்டி, பல்லாங்குழி, மரவை ஆகியவை இவ்வகையின. பணப்பெட்டி தாழ்வான தேநீர் மேசையாகவும், அஞ்சறைப் பெட்டி நகை அல்லது எழுதுபொருட் பெட்டியாகவும் பயன்படுகின்றன.

உலோகக் கலங்கள்

உருளியில் நீர் நிரப்பி மலர்களை மிதக்கவிடுவது மிகப் பரவலான மறுபயன்பாடு ஆகும். அண்டா, தவலை ஆகியவை செடித் தொட்டிகளாகின்றன. முறுக்கு உரல், கூசா, தூக்கு வாளி, பூட்டு, சாவி ஆகியவை தட்டுகளிலும் கண்ணாடி மூடிய ஆழமான சட்டங்களிலும் அடுக்கிக் காட்சிப்படுத்தப்படுகின்றன.

மங்குச் சாமான்கள்

பீங்கான், எனாமல் கலங்கள் இப்பகுதியில் மங்கு என வழங்கப்படுகின்றன. இச்சொல் கிண்ணத்தைக் குறிக்கும் மலாய்ச் சொல்லிலிருந்து வந்ததாகக் கருதப்படுகிறது. எனாமல் கலம் என்பது இரும்புத் தகட்டின்மேல் கண்ணாடித் தூளைப் பூசி, ஏறத்தாழ 800 பாகை செல்சியசு வெப்பத்தில் உருக்கி ஒட்டவைத்ததாகும். ஸ்வீடன், செக்கோஸ்லோவாக்கியா, ஜப்பான் ஆகிய நாடுகளிலிருந்து இவை வந்தன. பூ வரைந்த தட்டுகள் சுவரலங்காரமாகவும், அடுக்குச் சோற்றுக்கலங்கள் மலர்ச்சாடிகளாகவும் பயன்படுகின்றன.

படங்கள்

இராசா இரவிவர்மாவின் அச்சகம் 1894இல் பம்பாயில் தொடங்கப்பட்டது. அதில் அச்சான தெய்வப் படங்களும், அவற்றைப் பின்பற்றிப் பிற அச்சகங்கள் வெளியிட்ட படங்களும் செட்டிநாட்டு வீடுகளில் வரிசையாக மாட்டப்பட்டன. படத்திலுள்ள உருவத்துக்குப் பட்டுத்துணி, சரிகை, சமிக்கி, மணி ஆகியவற்றால் ஆடை அணிகள் தைத்து ஒட்டும் வழக்கம் இருந்தது. ஆயிரக்கணக்கில் அச்சான ஒரு படத்தை ஒரு வீட்டுக்கு மட்டும் உரிய கலைப்பொருளாக மாற்றியது இக்கைவேலையே. மறுபயன்பாட்டுக் கலை இப்பகுதிக்குப் புதியதன்று என்பதற்கு இது சான்றாகும். தஞ்சாவூர் ஓவியங்களும் கண்ணாடியின் பின்புறம் தீட்டப்பட்ட ஓவியங்களும் இவற்றோடு விற்பனைக்கு வருகின்றன.

குடும்பத்தினரின் பழைய ஒளிப்படங்களும் வீட்டுச் சாமான்களோடு சேர்ந்து சந்தைக்கு வந்துவிடுவதுண்டு. தேக்குச் சட்டத்துக்காக வாங்கப்படும் இவை, படத்தில் உள்ளவர் யாரென்று அறியப்படாமலேயே உணவகங்களின் சுவர்களில் மாட்டப்படுகின்றன. ஒளிப்படத்தின் பின்புறமுள்ள எழுத்துகளும் ஒளிப்பட நிலையத்தின் முத்திரையும் அடையாளம் காண உதவக்கூடியன. சட்டத்தை மாற்றும்போது இவையே முதலில் அழிகின்றன.

கற்கள்

உரல், அம்மி, ஆட்டுக்கல் ஆகியவை தோட்டங்களில் பறவைகளுக்கான நீர்த்தொட்டிகளாகவும் இருக்கைகளாகவும் வைக்கப்படுகின்றன.

செப்பனிடும் முறைகள்

மரம். வாங்குவதற்கு முன் மரத்தைத் தட்டிப் பார்ப்பது வழக்கம். உட்புழை இருந்தால் ஒலி வெறுமையாகக் கேட்கும். துளைகளின் கீழ் புதிய மாவுபோன்ற தூள் உதிர்ந்திருந்தால் வண்டுகள் இன்னும் உயிருடன் உள்ளன என்பது பொருள். அத்தகைய பொருளை மருந்திட்டுத் தனியே வைத்திருந்தே மற்றப் பொருட்களோடு சேர்க்க வேண்டும். அழுக்கை மென்தூரிகையாலும் சற்றே ஈரமான துணியாலும் நீக்கியபின் மெல்லிய எண்ணெய் அல்லது தேன்மெழுகு பூசினால் தேக்கின் நிறம் வெளிப்படும். மின் இழைப்பியால் இழைத்தால் செதுக்கல்களின் விளிம்புகள் மழுங்கிவிடும்.

வண்ணப்பூச்சு. பழைய வண்ணப்பூச்சுகளில் ஈயம் இருக்க வாய்ப்பு மிகுதி. வீட்டு வண்ணப்பூச்சில் ஈயத்தின் அளவை பத்து இலட்சத்தில் 90 பங்குக்கு உட்படுத்தும் விதிகள் இந்தியாவில் 2016இல் வெளியிடப்பட்டு 2017 நவம்பரிலிருந்து நடைமுறைக்கு வந்தன. ஆகவே பழைய பூச்சை உலர்நிலையில் தேய்க்கக்கூடாது. ஈயத்தூள் மூச்சுடன் உட்சென்றால், குறிப்பாகக் குழந்தைகளின் மூளை வளர்ச்சி பாதிக்கப்படும். நீர் தெளித்து, முகக்கவசம் அணிந்து, வீட்டுக்கு வெளியே தேய்ப்பதும், தூளைக் கூட்டாமல் ஈரத்துணியால் துடைத்தெடுப்பதும் பாதுகாப்பானவை.

பித்தளையும் வெண்கலமும். புளி, சாம்பல் ஆகியவற்றால் தேய்ப்பது மரபான முறை. புளியிலுள்ள அமிலம் மேற்பரப்பின் கறையைக் கரைக்கிறது. சமையலுக்கான பித்தளைப் பாத்திரங்களின் உட்புறம் ஈயம் பூசப்படும். இங்கு ஈயம் எனப்படுவது வெள்ளீயமாகும். நச்சுடைய காரீயம் அன்று. இப்பூச்சுத் தேய்ந்த கலத்தில் புளிப்பான உணவை வைக்கக்கூடாது.

எனாமல். பூச்சு உடைந்த இடத்தில் இரும்பு துருப்பிடிக்கும். பழைய எனாமலின் சிவப்பு, மஞ்சள் நிறங்களில் காட்மியம், காரீயம் ஆகியவை இருக்கக்கூடும் என்பதால், இவற்றை உணவுக்கு அன்றி அலங்காரத்துக்கு மட்டும் பயன்படுத்துவது நலம்.

பெயர் வெட்டு. தமிழ்நாட்டில் பாத்திரங்களில் உரிமையாளரின் பெயரை வெட்டி வைப்பது வழக்கம். நகரத்தார் குடும்பங்கள் விலாசம் எனப்படும் முன்னெழுத்துத் தொடரைப் பயன்படுத்துகின்றன. கொள்ளுப்பாட்டன், பாட்டன், தந்தை ஆகியோரின் பெயரெழுத்துகள் இதில் அடங்குவதால், ஒரு பாத்திரத்தின் விளிம்பிலுள்ள சில எழுத்துகளைக் கொண்டே அது எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது என்று அப்பகுதியினர் அறிய முடியும். இயந்திரச் சக்கரத்தில் கொடுத்து மெருகேற்றும்போது இவ்வெழுத்துகள் தேய்ந்து மறைகின்றன. ஆகையால் பெயர் வெட்டு உள்ள இடத்தைக் கையால் மட்டும் துடைப்பது பரிந்துரைக்கப்படுகிறது.

பழமையை அறிதல்

பழைய பொருட்களுக்குத் தேவை மிகுந்ததால் புதியவற்றைப் பழையனபோல் ஆக்கி விற்பதும் நடைபெறுகிறது. வேறுபாட்டை அறியச் சில அடையாளங்கள் உதவும்.

- உண்மையான தேய்மானம் சீராக இராது. கதவில் கைபடும் இடமும், நிலையில் கால்படும் கீழ்ப்பகுதியும் மிகுதியாகத் தேய்ந்திருக்கும். எல்லா மூலைகளும் ஒரே அளவில் மழுங்கியிருந்தால் அது ஐயத்துக்கு உரியது.
- கைவாளால் அறுத்த பலகையின் பின்புறத்தில் நேரான, ஒழுங்கற்ற கீற்றுகள் தெரியும். வட்டவாள் இயந்திரம் வளைந்த கீற்றுகளை விட்டுச்செல்லும்.
- கூட்டல்குறித் தலை கொண்ட திருகாணிகள் 1930களில்தான் சந்தைக்கு வந்தன. 1900 காலத்தது எனப்படும் பெட்டியில் இவை இருந்தால், பின்னாளில் பழுதுபார்க்கப்பட்டது அல்லது புதியது என்று கொள்ளலாம்.
- கையால் செதுக்கிய இணையுருவங்கள் ஒன்றையொன்று முற்றிலும் ஒத்திருப்பதில்லை.
- பல வீடுகளின் துண்டுகளைச் சேர்த்து ஒரே பொருளாக்கியவையும் உண்டு. இவற்றில் மரத்தின் நிறமும் இரேகையும் பகுதிக்குப் பகுதி மாறும்.

சட்டம்

இந்தியாவின் தொல்பொருட்கள் மற்றும் கலைக் கருவூலங்கள் சட்டம் 1972இல் இயற்றப்பட்டு 1976 ஏப்ரல் 5 அன்று நடைமுறைக்கு வந்தது. இதன்படி நூறு ஆண்டுகளுக்குக் குறையாத சிற்பம், ஓவியம், நாணயம், கைவினைப்பொருள் முதலியவை தொல்பொருட்கள் ஆகும். அறிவியல், வரலாற்று, இலக்கிய மதிப்புடைய கையெழுத்துப்படிகளுக்கு 75 ஆண்டுகள் போதும். தொல்பொருள் வணிகத்துக்கு உரிமம் தேவை. அறிவிக்கப்பட்ட வகைகளைச் சேர்ந்த தொல்பொருட்களை வைத்திருப்போர் அவற்றைப் பதிவு செய்ய வேண்டும். தனியார் தொல்பொருட்களை ஏற்றுமதி செய்ய முடியாது. மீறுவோருக்கு ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. நூறு ஆண்டுக்குக் குறைந்த பொருளை வெளிநாட்டுக்கு அனுப்ப விரும்புவோர், அது தொல்பொருள் அன்று என்னும் சான்றிதழை இந்தியத் தொல்லியல் ஆய்வகத்திடம் பெறலாம்.

நூறு ஆண்டு என்னும் எல்லை ஆண்டுதோறும் நகர்வது குறிப்பிடத்தக்கது. 1976இல் இச்சட்டத்துக்கு வெளியே இருந்த செட்டிநாட்டு மரவேலைப்பாடுகளுட் பல, காலம் செல்லச் செல்ல இதன் வரம்புக்குள் வந்துகொண்டிருக்கின்றன.

வீட்டுப் பொருட்களுக்கும் கோயில் பொருட்களுக்கும் உள்ள வேறுபாடு முக்கியமானது. தேர்ச் சிற்பங்கள், வாகனங்கள், திருமேனிகள் ஆகியவை கோயிலுக்கு உரியவை. இவற்றைத் தனியார் விற்பது பெரும்பாலும் திருட்டோடு தொடர்புடையதாக அமையக்கூடும். இத்தகைய குற்றங்களை விசாரிக்கத் தமிழ்நாடு காவல்துறையில் சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவு 1983இல் ஏற்படுத்தப்பட்டது. எவ்விடத்தில் எவரிடம் வாங்கப்பட்டது என்ற எழுத்துமூல ஆவணம் வாங்குநருக்கும் பாதுகாப்பாகும்.

விவாதம்

மறுபயன்பாட்டை ஆதரிப்போர், கூரை இற்று மழைநீர் இறங்கும் வீட்டில் தேக்கு சில ஆண்டுகளில் அழுகிவிடும் என்பதைச் சுட்டுகின்றனர். விற்கப்பட்ட கதவு வேறெங்கோ கதவாக நீடிக்கிறது. புதிய மரம் வெட்டப்படுவது அந்த அளவுக்குக் குறைகிறது. மரபுத் தச்சர்களுக்குச் செப்பனிடும் வேலை கிடைப்பதால் பழைய இணைப்பு முறைகள் மறக்கப்படாமல் உள்ளன. செட்டிநாட்டு வேலைப்பாட்டின் பெயரைப் பிற மாநிலத்தவர் அறிய இச்சந்தையும் ஒரு காரணம் என்பர்.

மாற்றுக் கருத்துடையோர், கேட்பு உயர உயர, பழுதுபார்த்துப் பேணத்தக்க வீடுகளும் பிரிக்கப்படுகின்றன என்கின்றனர். ஒரு தூணின் பொருள் அது நின்ற வளவிலேயே உள்ளது. வரிசையில் ஒன்றாக நின்றபோது அது ஒரு குடும்ப அமைப்பின் அடையாளம், தனியே நிற்கும்போது அழகிய மரம் மட்டுமே என்பது அவர்களது வாதம். ஒரு தெருவில் ஒரு வீடு மறைந்தால், அடுத்தடுத்த வீடுகளின் தொடர்ச்சியால் அமைந்த தெருவின் தோற்றமும் சிதைகிறது. சாந்துப்பூச்சும் சுதை வேலையும் மீட்கத்தகாதவை என்பதால், மரத்துக்காகப் பிரிக்கப்படும் ஒவ்வொரு வீட்டோடும் மரமல்லாத கலைகள் முழுவதுமாக அழிகின்றன.

இரு தரப்பும் உடன்படும் செய்தி ஆவணப்படுத்தலாகும். இடிப்பதற்கு முன் வீட்டின் தரைப்படம், ஒளிப்படங்கள், அளவுகள் ஆகியவற்றை எடுத்து வைப்பதும், விற்கும் ஒவ்வொரு பொருளோடும் ஊர், வீடு, ஆண்டு ஆகியவற்றைக் குறித்துக் கொடுப்பதும் அதிகச் செலவில்லாதவை. ஊர் தெரிந்த நிலை வரலாற்றுச் சான்றாகிறது. ஊர் தெரியாத நிலை அலங்காரப் பொருளாக மட்டும் எஞ்சுகிறது.

முழு வீடுகளைக் காத்தல்

பகுதிகளாக மீட்பதற்கு மாற்றாக இரு வழிகள் பின்பற்றப்பட்டுள்ளன. முதலாவது, வீட்டை முறையாகப் பிரித்து வேறிடத்தில் மீண்டும் கட்டுவதாகும். சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் சென்னைக் கைவினை அறக்கட்டளை 1996 டிசம்பரில் திறந்த தட்சிணசித்ரா இதற்கு எடுத்துக்காட்டு. தென்னிந்தியாவின் பல பகுதிகளிலிருந்து வாங்கப்பட்ட வீடுகள் இங்கு மரபுக் கைவினைஞர்களால் மறுபடி எழுப்பப்பட்டுள்ளன. அவற்றுள் செட்டிநாட்டு வணிகர் வீடும் ஒன்றாகும்.

இரண்டாவது, வீட்டை அதன் இடத்திலேயே வேறு பயன்பாட்டுக்கு மாற்றுவதாகும். காரைக்குடியின் பங்களா, கானாடுகாத்தானின் விசாலம், கடியாபட்டியின் சிதம்பர விலாசு, கொத்தமங்கலத்தின் சாரதா விலாசு ஆகியவை மரபுரிமை விடுதிகளாக இயங்கிவரும் கட்டடங்கள் ஆகும். இங்கு மீட்புப் பொருட்கள் எதிர்த்திசையில் பயணிப்பதுண்டு. அதாவது, இடிக்கப்பட்ட வீடுகளின் தூண்களும் ஓடுகளும் நிலைத்திருக்கும் வீடுகளின் பழுதுகளைச் சரிசெய்யப் பயன்படுகின்றன. மறுபயன்பாட்டின் மிகப் பொருத்தமான வடிவம் இதுவே எனலாம்.

2014இல் செட்டிநாட்டின் ஊர்த் தொகுதிகள் யுனெசுக்கோவின் உலக மரபுரிமைக்கான இந்தியாவின் தற்காலிகப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. தற்காலிகப் பட்டியலில் இடம்பெறுவது தானாகவே சட்டப் பாதுகாப்பை வழங்குவதில்லை. தனியார் வீடுகளின் எதிர்காலம் அவற்றின் கூட்டு உரிமையாளர்கள் எடுக்கும் முடிவையே சார்ந்துள்ளது.

இவற்றையும் பார்க்கவும்

- செட்டிநாடு
- நாட்டுக்கோட்டை நகரத்தார்
- ஆத்தங்குடி ஓடு
- தேக்கு
- தஞ்சாவூர் ஓவியப் பாணி
- தட்சிணசித்ரா
- பாறைத் தோட்டம், சண்டிகர்